பேனர் கடைத் தம்பிமாரே, தமிழெழுத்தை அமுக்காதீர்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பேனரும் நோட்டீசும் அடித்துத் தருகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். உங்கள் அவசரம் தெரியும். திருவிழாக் கமிட்டி பின்னேரம் வந்து, விடிந்ததும் வேண்டும் என்று நிற்கும், 'அருள்மிகு ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலய வருடாந்தத் தேர்த்திருவிழா' முழுக்க ஒரே வரியில் வரவேண்டும் என்பார்கள், இடமோ போதாது, உடனே பாமினி எழுத்துருவைப் பிடித்து இரண்டு பக்கமும் அமுக்கிவிடுகிறீர்கள். அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

அகலத்தை 60 சதவீதமாக்கினால் நிற்கிற கோடுகள் மட்டும் அந்த அளவுக்கு மெலியும், படுத்த கோடுகளின் தடிப்பு அப்படியே இருக்கும். 'மரண அறிவித்தல்' என்ற தலைப்பில் வரும் ணகரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே மை அடைத்து, றன்னகரமா (ன) டண்ணகரமா (ண) என்றே தெரியாது. ஒரு குடும்பத்தின் துக்கத்தைச் சொல்லும் தலைப்பு அது.

ஒடுக்கமாகவே வரைந்த எழுத்துரு வேறு சங்கதி. மும்பை ஏக் டைப் குழுவின் அனெக் தமிழ் எழுத்துருவை எடுங்கள். கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசம், கடை வேலைக்கும் தாராளமாகப் பாவிக்கலாம். அகலம் 75 முதல் 125 வரை (100 தான் வழக்கமான அகலம்), தடிப்பு 100 முதல் 800 வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அகலம் 75, தடிப்பு 800 வைத்துப் பாருங்கள்: நெட்டையாக, தடியாக, கொஞ்சம் குறும்பாக நிற்கும், ஆனாலும் சுழிக்குள் வெளிச்சம் இருக்கும். அந்த வெளியை வரைந்தவர்கள் யோசித்து விட்டிருக்கிறார்கள்.

இதற்கு ஏற்ற இடம் மும்மொழிப் பெயர்ப்பலகை. 'ஆதார வைத்தியசாலை' என்று எழுத வந்தால் இடம் பற்றாமல் தமிழ் வரியைத்தான் சின்னதாக்குகிறார்கள். எழுத்து ஒடுங்கினால் அதே அகலத்தில் உயரத்தைக் கூட்டலாம். பஸ் முன்கண்ணாடிப் பலகையும் அப்படித்தான், பனிமூட்டத்துக்குள் வருகிற பஸ் தலவாக்கலைக்கா நுவரெலியாவுக்கா என்று றோட்டோரம் பிள்ளையோடு நிற்கிற அம்மாவுக்குத் தூரத்திலேயே தெரியவேண்டும். அப்புறம் தேர்த்திருவிழாத் தலைப்பு, கிரிக்கெட் போட்டி போஸ்டர், கடைப் பெயர், எல்லாம் சரி.

ஆனால் தலைப்போடு நிறுத்துங்கள். கிரியை நடக்கும் நேரம், கிளினிக் நாள், பாடசாலைச் சுற்றறிக்கை, இவையெல்லாம் வயசானவர்கள் கண்ணைச் சுருக்கிப் படிக்கிற சின்ன எழுத்து. அங்கே அகலம் 100க்குக் கீழே போகவே வேண்டாம்.

ஒரு விஷயம், அனெக் தமிழ் யூனிகோட் எழுத்துரு, பாமினி போலப் பழைய குறியீட்டு எழுத்துரு அல்ல. ஃபோட்டோஷொப்பில் கொம்பு இடம் மாறி விழுந்தால் எழுத்துருவைக் குறை சொல்லி மறுபடி பாமினிக்கு ஓடாதீர்கள். பழைய ஃபோட்டோஷொப் பதிப்பு என்றால், டைப் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவைப் போட்டு, மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள், சரியாக வரும்.