கூரை ஏறி வேலை செய்வோரின் உயிர்ப் பாதுகாப்புக்கான கோரிக்கை மனு

அனுப்புநர்:
கூரை ஷீட் வேலைத் தொழிலாளர்களும் குடும்பத்தினரும்,
வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம் பகுதிகள்,
வடசென்னை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம்,
சிங்காரவேலர் மாளிகை, ராஜாஜி சாலை, சென்னை.

பொருள்: குடோன், பட்டறைக் கூரைகளில் ஷீட் உடைந்து தொழிலாளர்கள் விழுவதைத் தடுக்க, மழைக்காலத்துக்கு முன்பே நடவடிக்கை எடுக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒழுகும் ஷீட்டை மாற்றுவது, ஷீட்டை இரும்புச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட் துருப்பிடித்தால் கழற்றிப் புதிது போடுவது, வெயிலுக்கு வெள்ளை பெயின்ட் அடிப்பது, இதுதான் எங்கள் பிழைப்பு. மாதவரம் குடோன்களிலிருந்து வியாசர்பாடி தொழிற்பேட்டை, மணலி, திருவொற்றியூர் வரை எங்கள் ஆட்கள் ஏறாத கூரை குறைவு. புரட்டாசி பிறந்துவிட்டால் வேலை குவியும். புயல் வந்தால் இன்னும் மோசம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும், காற்று அடங்கிய கையோடு போன் வந்தது. சரக்கு நனைகிறது, உடனே வா என்பார்கள். கூரை ஈரமாக இருக்கும், பாசி வழுக்கும், அறுந்த கரன்ட் ஒயர் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மறுத்தால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதால் ஏறுகிறோம்.

எங்கள் ஆட்கள் பெரும்பாலும் கூரை விளிம்பிலிருந்து விழுவதில்லை. கூரையின் நடுவில், ஷீட்டை உடைத்துக்கொண்டு விழுகிறார்கள். இந்த வித்தியாசத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறோம். நாங்கள் கேட்கும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வளைந்து கொடுக்காது. ஆள் எடையை ஒரு நாள் தாங்கும், மறுநாள் முன்னறிவிப்பே இல்லாமல் படக்கென்று உடையும். போல்ட் வரிசையில் அடியில் இரும்புச் சட்டம் ஓடுவதால் அந்த வரிசையிலேயே கால் வைக்கச் சொல்லித்தான் மேஸ்திரிகள் பழக்குகிறார்கள். ஆனால் கடல் உப்புக் காற்றில் போல்ட்டைச் சுற்றித் துரு பிடித்து, அந்த ஓட்டையிலிருந்தே விரிசல் கிளம்பியிருக்கும். அதைவிடக் கொடியது, உள்ளே வெளிச்சம் வருவதற்காக இடையிடையே போட்டிருக்கும் ஃபைபர் ஷீட். சில வருட வெயிலிலேயே அது மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. தூசும் சாம்பலும் படிந்து, மேலே வெள்ளை பெயின்டும் அடித்துவிட்டால் எது ஆஸ்பெஸ்டாஸ், எது ஃபைபர் என்று கூரை மேல் நிற்பவனுக்குத் தெரியவே தெரியாது.

சென்ற மழைக்கு முன்பு மாதவரம் பக்கம் ஒரு குடோனில் எங்களோடு வேலை செய்த இளைஞர் அப்படிப்பட்ட ஷீட்டில்தான் கால் வைத்தார். கயிறும் கொக்கியும் வைத்த பாதுகாப்பு பெல்ட் கொடுத்திருந்தார்கள், அவரும் போட்டிருந்தார். மாட்ட இடம் இல்லாததால் கொக்கியைத் தன் இடுப்பு வளையத்திலேயே மாட்டியிருந்தார். நாங்கள் இறங்கி ஓடியபோது அந்தக் கொக்கி அங்கேயே மாட்டியபடி இருந்தது. உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. “பெல்ட் கொடுத்தோமே” என்று சொல்லிக் குடோன்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

விபத்து நடந்ததும் எல்லோரும் பெல்ட் போடச் சொல்கிறார்கள். பெல்ட் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அதன் கணக்கைத் தாங்களே பாருங்கள். கடையில் கிடைக்கும் பெல்ட்டின் கயிறு சுமார் 1.8 மீட்டர். விழும் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அதிலுள்ள மடிப்பு பிரிந்தால் மேலும் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். முதுகு வளையத்துக்குக் கீழே ஆளின் உடம்பு ஒன்றரை மீட்டர். தரையில் மோதாமலிருக்க இன்னும் ஒரு மீட்டராவது வேண்டும். கூட்டினால் சுமார் ஐந்தரை மீட்டர் ஆகிறது. எங்கள் பகுதிப் பட்டறைகளில் பலவற்றின் கூரை உயரமே நான்கு, ஐந்து மீட்டர்தான். கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் ஆள் தரைக்கு வந்துவிடுவார். ஐந்து மீட்டர் விழ ஒரு நொடி போதும். தரையில் மோதும்போது வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். உயரமான கூரையில் பெல்ட் பிடித்துக்கொண்டாலும், தொங்குகிறவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும். தொடைப் பட்டை இறுகி, ரத்தம் காலிலேயே தேங்கி, தொங்கியபடியே உயிர் போகலாம். இறக்க ஏணியும் ஆளும் தயாராக இருந்த ஒரு வேலையிடத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தோம். உயரத்தில் வேலை செய்கிறவர் விழாதபடி தடுப்பு அமைக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 32-ஆவது பிரிவில் சொல்லிவிட்டது. ஆனால் சரக்கு மட்டும் அடுக்கி வைக்கும் குடோன் தொழிற்சாலைக் கணக்கில் வராது. கட்டுமானத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பழுதுபார்ப்பு வேலையும் இருந்தது. ஆனால் பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. இந்த இரண்டுக்கும் பதிலாக 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே பத்துதான். கூரைக்கு ஏறுவது மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். ஆக, குடோன் கூரையில் ஏறும் நாங்கள் இந்தப் பாதுகாப்புச் சட்டங்கள் எதிலும் வராமல் நிற்கிறோம். ஷீட் அறுக்கும்போது பறக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலைக் கெடுப்பது வேறு இருக்கிறது; அதற்குத் தனியே மனு தருகிறோம்.

எனவே தாங்கள் மாநகராட்சியையும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தையும் சேர்த்து உத்தரவு போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதும் முக்கியமானதும் இதுதான். குடோன், பட்டறைகளுக்கு மாநகராட்சி தொழில் உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், கூரையிலுள்ள ஒவ்வொரு ஃபைபர் ஷீட்டுக்கும் அடியில் ஆள் எடையைத் தாங்கும் கம்பி வலை அடித்திருக்க வேண்டும், அந்த ஷீட்டின் நான்கு ஓரமும் சிவப்பு பெயின்டில் தெரிய வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். ஒரு முறை செய்தால் பல வருடம் நிற்கும். அந்த இளைஞர் கால் வைத்த இடத்தில் ஒரு வலை இருந்திருந்தால் அன்று மாலை அவர் வீட்டுக்கு நடந்து போயிருப்பார்.

அடுத்து, குறுக்குப் பட்டை அடித்த நீளப் பலகை. இரண்டு மூன்று இரும்புச் சட்டங்களின் மேல் படியும்படி போட்டு அதன் மேலேயே நகர்ந்தால் எடை ஷீட்டில் இறங்காது. இந்தப் பலகையும், விழுந்தால் தாங்கிப் பிடிக்கக் கூரைக்குக் கீழே கட்டும் வலையும் எங்களால் வாங்க முடியாதவை. சின்ன கன்ட்ராக்டரும் வாங்க மாட்டார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் உதவியோடு திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டல அலுவலகங்களிலும் இவற்றைக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கச் செய்யுங்கள். வாடகைச் சீட்டு இல்லாமல் யாரையும் கூரையில் ஏற்றக் கூடாது என்றும் உத்தரவிடுங்கள்.

கூரையில் ஏற்றுவதற்கு முன் கட்டட உரிமையாளர் ஒரு பக்கத் தாளில் கையெழுத்திட வேண்டும். கூரை எப்போது போட்டது, ஃபைபர் எங்கெங்கே இருக்கிறது, கொக்கி மாட்டும் கம்பி எங்கே, மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்பது அதில் இருந்தால் போதும். எத்தனை பேர் வேலை செய்தாலும் இது பொருந்த வேண்டும். மழை நின்ற அன்றே ஈரக் கூரையில் ஏறச் சொல்லக் கூடாது.

எங்களுக்குப் பயிற்சியும் வேண்டும். வடசென்னையிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தினால் கூலி போகாமல் வருவோம். பழைய மேஸ்திரிகள் சிலர் சொல்லிக்கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள்.

ஆவணி முடிவதற்குள் சம்பந்தப்பட்ட அதிகாரிகளையும் குடோன் உரிமையாளர்களையும் எங்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். எங்கள் பகுதியில் ஆபத்தான கூரைகள் எவை என்பதை நேரில் காட்ட நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கூரை ஷீட் வேலைத் தொழிலாளர்களும் குடும்பத்தினரும்

இடம்: வியாசர்பாடி
இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், உடைந்த கூரைகளின் புகைப்படங்கள்
நகல்: இயக்குநர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், கிண்டி, சென்னை