மாடிக்கு ஒரு பிளான் போட்டுத் தா

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள கணேசா,

உன் மகளுக்கு வேலை கிடைத்ததைச் செல்வம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ எப்படிச் சொல்வாய், ட்ரீட் கேட்பேனே! இங்கே எல்லோரும் நலம், மச்சானைத் தவிர.

அவருக்குக் குடலில் புற்றுநோய். கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்டர்கள் தைரியமாகத்தான் பேசுகிறார்கள். வைத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் காத்திருக்கும் கூடம்தான் கொல்கிறது. ஜன்னல் கிடையாது. டிவியில் நாள் முழுக்கச் சண்டை. பினாயில் வாடைக்கே அவருக்குக் குமட்டுகிறது. "ஊசியைக்கூடத் தாங்கிக்கிடுவேன் மாப்ளே, இந்த டிவியை ஆஃப் பண்ணச் சொல்லும்" என்கிறார்.

இப்படி ஒரு ஜன்னலில்லாத நடையில்தான் மேகி கெஸ்விக் என்ற புற்றுநோய்க்கார அம்மாவும் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் இன்னும் சில மாதங்கள்தான் என்று டாக்டர் சொன்ன கையோடு. 1995இல் இறப்பதற்குள் ஒரு மாற்று இடத்துக்குத் திட்டம் போட்டுவிட்டார். 1996இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு பழைய குதிரை லாயத்தைத் திருத்தி அதைத் திறந்தார்கள். நடுநாயகமாக என்ன வைத்தார்கள் தெரியுமா? சமையலறை மேசை! யாரும் வரலாம், டீ போட்டுக் குடிக்கலாம், பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

சமையலறை என்றதும் சிரிக்காதே, வெந்நீர்கூட வைக்கத் தெரியாதவன்தான் நான். ஆனால் பரேலில் டாட்டா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசல் நடைபாதையில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாய் கசந்து எதுவும் இறங்காத நோயாளிக்கு, அவர் கேட்கிற ரசத்தைக் கேட்ட நேரத்தில் வைத்துத் தர முடியாத தவிப்பு கூட வந்தவர்களுக்கு. சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்களுக்கு 2006 முதல் செயின்ட் ஜூட் இல்லங்கள் இங்கே இருக்கின்றன. இலவசத் தங்கல், குடும்பத்துக்கு ஒரு அடுப்பு. பெரியவர்களுக்கும் அப்படி வேண்டாமா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சங்கக் கட்டிடத்தின் மாடி சும்மா கிடக்கிறது. ஊரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு அதைக் கொடுக்கக் கமிட்டி சம்மதித்துவிட்டது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது கிரானைட் தரையும், நன்கொடையாளர் பெயர்ப் பலகையும்.

நீ வரைந்து கொடு. மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு பாதாம் மரம் நிற்கிறது, அதை மறைத்துவிடாதே. மரம் தெரிகிற கட்டிலில் படுத்திருந்த ஆபரேஷன் நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியதாக ரோஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர் 1984இலேயே எழுதியிருக்கிறார். அறைக்குள் பூந்தொட்டி வேண்டாம். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது மண்ணிலிருக்கும் பூஞ்சை ஆபத்து. வாடையடிக்காத பெயிண்ட், மஞ்சள் விளக்கு. அப்புறம், கதவைச் சாத்திக்கொண்டு அழ ஒரு சின்ன அறை. அதைக் கமிட்டியில் "ஸ்டோர் ரூம்" என்று காட்டிக்கொள்கிறேன்.

அளவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அதற்குள் வேண்டும். ஃபீஸ் கேட்டாயோ, ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி கதையை உன் மருமகனிடம் சொல்லிவிடுவேன்.

உன்,
சங்கரன்