பதினோரு இடத்தில் ஒரு வார்த்தை

அன்புள்ள தம்பிக்கு,

ஆணை விரும்புகிற பள்ளிக்கூடப் பையனைப் பற்றிய உன் கதையை இரண்டு தடவை படித்துவிட்டேன். "ஒம்போது என்கிற வார்த்தை பதினோரு இடத்தில் வருகிறது, எடுத்துவிடட்டுமா அண்ணா, படிக்கிறவர்கள் என்னைத் தப்பாக நினைப்பார்களோ" என்று கேட்டிருக்கிறாய். உன்னை என்ன நினைப்பார்கள் என்கிற கவலையை விடு. அந்த வசவைக் கேட்டே வளர்ந்த ஒருவர் கதையைக் கையில் எடுத்தால் அவருக்கு என்ன ஆகும், அதை யோசி.

மொத்தமாக எடுக்க வேண்டாம். திட்டுகிறவன் திட்டத்தான் செய்வான், சண்டையில் எவனும் "ஏய் தன்பாலீர்ப்பாளனே" என்று கத்தப்போவதில்லை. புள்ளி வைத்து மறைப்பதும் எனக்கு ஒத்துவராது. புள்ளியைப் பார்த்ததும் வாசகர் மனசுக்குள் அதை முழுசாகச் சொல்லிப்பார்ப்பார், நீ சொல்லாமல் அவரைச் சொல்லவைத்ததுதான் மிச்சம்.

ஆனால் நாலாம் பக்கத்தில் "ஒம்போது நடை நடந்து வந்தான்" என்று இருக்கிறதே, அதைச் சொன்னது யார்? பாத்திரம் யாரும் சொல்லவில்லை, கதைசொல்லி சொல்கிறான். மேற்கோள் குறிக்குள் இருக்கிறவரை அது அவன் வாய், வெளியே வந்துவிட்டால் உன் வாய். நானும் இதைச் செய்தவன்தான். ஆரம்பத்தில் எழுதிய ஒரு கதையில் "பெண்மை கலந்த குரலில் குழைந்தான்" என்று போட்டு, ரொம்ப நாசூக்காக எழுதிவிட்ட பெருமையில் ஒரு நண்பரிடம் கொடுத்தேன். "கெட்ட வார்த்தையே இல்லாமல் திட்டியிருக்கிறாய்" என்றார். அவரும் ஆணை விரும்புகிறவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அப்புறம், ஒம்போது, அலி என்று சொல்கிறவனுக்குத் திருநங்கைக்கும் ஆணை விரும்புகிற ஆணுக்கும் வித்தியாசம் தெரியாது, எல்லாரையும் ஒரே கல்லால் அடிக்கிறான். அந்தக் குழப்பம் அவனுக்கு இருக்கலாம், உனக்கு இருக்கக் கூடாது. கதைசொல்லி 'ஓரினச்சேர்க்கையாளன்' என்பதையும் மாற்று. அந்தச் சொல்லில் படுக்கை மட்டும்தான் இருக்கிறது, உன் பையன் எழுதிக் கிழித்துப்போட்ட கடிதங்கள் இல்லை.

"பாத்திரம்தானே சொன்னது" என்பது எப்போதும் காப்பாற்றாது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்கிற ஆங்கில ராக் குழுவின் 'மணி ஃபார் நத்திங்' பாட்டு (1985) தெரியுமா? தொலைக்காட்சியில் வரும் பாடகர்களைப் பார்த்துப் பொருமுகிற ஒரு தொழிலாளியின் குரலில் வரும், ஆணை விரும்புகிற ஆண்களை இழிவாகச் சொல்கிற ஆங்கில வசவும் அவன் வாயில்தான். 2011 ஜனவரியில் கனடாவின் ஒலிபரப்புத் தரக் கவுன்சில், அந்த வார்த்தையோடு அதை வானொலியில் போடக் கூடாது என்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே வருஷம் ஆகஸ்டில், நிலையங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று இறங்கிவந்தது. அந்த ஆளைப் பாட்டு கிண்டல்தான் செய்கிறது, சரி. ஆனால் திட்டு யார் மேல் விழுகிறதோ அவர் அந்தப் பாட்டில் ஒரு வரிகூடப் பேசுவதில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

உன் வருகைப்பதிவுக் காட்சியில் அந்தக் குறை இல்லை. ஆசிரியர் எட்டு என்கிறார், ஒருவன் "உள்ளேன் ஐயா" என்கிறான், அடுத்த எண் வருவதற்குள் பின் பெஞ்சில் இருமல், பையன் எழுந்து நிற்கும்போது ஆசிரியரே உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்குகிறார். யாரும் திட்டவில்லை, வெறும் எண்தான். இதை எழுதத் தெரிந்தவனுக்கு ரவுடியின் வாயில் அந்த வார்த்தை ஆறு தடவை வருவது எதற்கு? அவன் கெட்டவன் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிற மாமா சிரித்துக்கொண்டே சொல்கிறாரே, அது இருக்கட்டும், அதுதான் ரொம்ப வலிக்கும். ஆனால் சொன்னதும் நீ மாமா பின்னாலேயே போய்விடுகிறாய். பையனோடு இரண்டு வரி இரு. அழவைக்காதே. அவன் கையில் என்ன இருந்தது, அதை எங்கே வைத்தான், போதும்.

மாற்றி எழுதி அனுப்பு. பக்க எண்ணையும் சரிபார், எட்டுக்கு அப்புறம் நேராகப் பத்து போட்டிருக்கிறாய்.

அன்புடன்,
அண்ணன்