பலகைகளில் தமிழை நெருக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தவள். வடிவமைப்புக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பொது இடங்களில் உள்ள பெயர்ப் பலகைகளிலும் வழிகாட்டிப் பலகைகளிலும் தமிழ் எழுத்துகள் நடத்தப்படும் விதம் குறித்துத் தங்கள் நாளிதழ் வழியாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற மாதம் என் அப்பாயியைக் கண் பரிசோதனைக்காக ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நுழைவாயிலை அடுத்த சுவரில் வழிகாட்டிப் பலகை இருந்தது. ஆங்கிலத்தில் 'ஐசியூ' என்பதற்கு மூன்றே எழுத்துகள். அவை தாராளமாக இடம் எடுத்துக்கொண்டு நின்றன. அவற்றின் கீழே, அதே அகலத்துக்குள், 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்ற முழுத் தொடரும் பக்கவாட்டில் நசுக்கப்பட்டிருந்தது. அடுத்த வரியில் இருந்த 'கண்' என்ற சொல்லில் மூன்று சுழி ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிட்டிருந்தன. அப்பாயி நாள்தோறும் செய்தித்தாளின் தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசிப்பவர். அந்தப் பலகையின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "எனக்குத்தான் கண்ணு தெரியலையா, இல்ல எழுத்தே இப்படித்தானா?" என்று கேட்டார். கண் பிரிவைத் தேடி வருபவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய பலகை அது.

எழுத்துகளைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு முதலாம் ஆண்டில் தொடங்கியது. ரோமன் எழுத்துகளின் விகிதங்களைப் பல வாரங்கள் வரைந்து பழகிய பின், அவரவர் தாய்மொழியில் ஓர் எழுத்தை ஒரு சாண் உயரத்துக்கு வரைந்து வருமாறு ஆசிரியர் சொன்னார். நான் ணகரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே மாலையில் முடிந்துவிடும் என்று எண்ணியது நான்கு நாள்கள் இழுத்தது. சுழியையும் வளைவுகளையும் அளவுகோல் வைத்துச் சமமாக வரைந்தால் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் தோன்றியது. உள்ளே அடைபடும் வெள்ளை இடங்களைக் கண்ணால் மட்டுமே அளந்து, ஒன்றைச் சற்றுக் கூட்டி மற்றொன்றைச் சற்றுக் குறைத்த பிறகே அது நிமிர்ந்து நின்றது. எழுத்து என்பது கோட்டால் மட்டும் ஆனதன்று, கோட்டுக்குள் இருக்கும் வெள்ளையாலும் ஆனது என்பது அன்று எனக்குப் புரிந்தது.

அதன் பின் தெருவே எனக்குப் பாடமாகிவிட்டது. சிவகாசியில் அச்சாகி வரும் நாள்காட்டியின் தேதித் தாள், பால் உறை, திருமண அழைப்பிதழ், பேருந்துப் பயணச்சீட்டு என்று கையில் கிடைப்பதையெல்லாம் சேர்க்கத் தொடங்கினேன். 'உ' என்னும் உகரக் குறி ஒன்றையே பாருங்கள்: 'சு', 'பு' ஆகியவற்றில் கோடாகக் கீழே இறங்குகிறது, 'து', 'நு' ஆகியவற்றில் வலப்புறம் வளைந்து மேலேறுகிறது, 'மு', 'ரு' ஆகியவற்றில் எழுத்தையே சுற்றிக்கொண்டு வருகிறது. சிறு வயது முதல் இந்த எழுத்துகளைப் படித்தும் எழுதியும் வந்த நான் இதை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பலகை எழுதும் பெரியவர் ஒருவரின் அருகில் விடுமுறையில் சில நாள்கள் அமர்ந்திருந்தேன். சுண்ணப்பொடி தோய்த்த நூலை இழுத்துத் தட்டி அவர் நான்கு கோடுகள் போடுவார். நடு இரண்டு கோடுகளுக்குள் எழுத்தின் உடல், மேல்கோடு புள்ளிக்கும் 'கி' போன்றவற்றில் மேலே வளையும் மேல்விலங்குக்கும், கீழ்க்கோடு 'மு' போன்றவற்றில் கீழே இறங்கும் கீழ்விலங்குக்கு. தூரிகையைத் தொடும் முன்பே பெயரை வாய்விட்டுச் சொல்லி, இடம் போதாது என்று கண்டால் எழுத்துகளை நெருக்க மாட்டார். உயரத்தைக் குறைத்துப் புதிதாகக் கோடு போடுவார். முடித்ததும் சாலையின் எதிர்ப்புறம் சென்று நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஏணியை எடுப்பார். இப்போது அவருக்கு மாதத்தில் ஓரிரு பலகைகளே கிடைக்கின்றன. மற்றவை எல்லாம் ஃபிளெக்ஸ் அச்சுக்குப் போய்விட்டன.

இடம் போதாமை தமிழுக்குப் புதிய சிக்கலும் அன்று. எங்கள் மாவட்டத்துத் தரங்கம்பாடியில் ஜெர்மானியச் சமயப் பரப்பாளர் சீகன்பால்குவும் அவருடைய கூட்டாளிகளும் அச்சகம் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் அவர்களுக்கு வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை. அவற்றைக் கொண்டே அச்சிட்டால் கையிருப்புத் தாள் போதாது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்த்து, 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் ஈயத்தை உருக்கிச் செய்த அந்த வேலையை நினைக்கும்போதெல்லாம், இன்று கணினியில் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துச் சொல்லை ஒடுக்கும் பழக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தையே தருகிறது. அப்படி ஒடுக்கும்போது நிற்கும் கோடுகள் மெலிகின்றன, கிடைக்கோடுகள் மட்டும் பழைய தடிமனிலேயே நிற்கின்றன. க, த, ப போன்ற எழுத்துகள் கிடைக்கோட்டை நம்பி இருப்பவை ஆதலால் இந்தக் கேடு தமிழில் உடனே கண்ணை உறுத்துகிறது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரிய, 'கொடு' எது, 'கோடு' எது என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியதாகிறது.

வரி இடைவெளியும் அப்படித்தான். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் கோட்டுக்குக் கீழே இறங்காதவை. அவற்றுக்கு அளந்த இடைவெளியில் தமிழை வைத்தால் மேல்வரியின் கீழ்விலங்கும் கீழ்வரியின் மேல்விலங்கும் மோதிக்கொள்கின்றன. சில பலகைகளில் மெய்யெழுத்தின் புள்ளியே சட்டத்துக்குள் மறைந்துவிடுகிறது. தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் செய்யப்பட்ட பலகைகளிலோ, 'கோ' என்ற எழுத்தின் கொம்பும் துணைக்காலும் பிரிந்து, நடுவே புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று முளைத்து நிற்பதைக் காண்கிறோம். அச்சிட்டவர், சரிபார்த்தவர், ஆணி அடித்தவர் என்று பல கைகளைக் கடந்து அந்த வட்டம் சுவர் ஏறியிருக்கிறது என்பதே என்னை வாட்டுகிறது.

நல்ல எழுத்துருக்கள் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. விண்டோஸோடு வந்த 'லதா' என்ற எழுத்துரு ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்திய காலம் கடந்துவிட்டது. நோட்டோ, முக்த மலர், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன் ஆகியவை பல தடிமன்களில், கட்டணமின்றி, வணிகப் பயன்பாட்டுக்கும் உரிமத்தோடு கிடைக்கின்றன. மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்கள் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் சரியாகத் தெரிவதற்காகப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். கருவி கையில் இருக்கிறது. அதைப் பலகை வரை கொண்டுபோவதில்தான் குறை.

கடைப் பெயர்ப் பலகைகளில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் விதி இருக்கிறது. அந்த விதி தமிழுக்கு இடம் கேட்கிறது. அந்த இடத்தில் தமிழ் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மருத்துவமனைகளும் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் பலகை செய்யக் கொடுக்கும்போது, முதலில் தமிழ் வரிக்கு வேண்டிய அகலத்தை அளந்து, அதன்படி பலகையின் அளவை முடிவு செய்யலாம். எழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதலாம். பலகையை மாட்டும் முன், எங்கள் ஊர்ப் பெரியவர் செய்வதைப் போல, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பத்தடி தள்ளி நின்று அதை வாசித்துப் பார்க்கலாம். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

அந்த மருத்துவமனையின் வழிகாட்டிப் பலகையில் உள்ள அதே சொற்களை, அதே சட்டத்தின் அளவுக்குள், இரண்டு வரிகளாகப் பிரித்து நான் வரைந்து வைத்திருக்கிறேன். பத்தடித் தொலைவில் திண்ணையில் அமர்ந்தபடி அப்பாயி அதைத் தடையின்றிப் படித்தார். அந்த வரைபடத்தை நிர்வாகத்துக்கும் அஞ்சலில் அனுப்பியுள்ளேன். வேறு எந்த அலுவலகம் கேட்டாலும் இதே வேலையைக் கட்டணமின்றிச் செய்து கொடுக்க நானும் என் வகுப்புத் தோழர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வடிவமைப்பு மாணவி,
மயிலாடுதுறை மாவட்டம்.