ஒன்றுமில்லாத ஊர்தான், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் அமெரிக்கப் பயணக் கட்டுரையில், 'கான்சாஸ் மாநிலத்து சிமரான் கவுண்டியைத் தாண்டினோம், பார்க்க ஒன்றுமில்லாத பொட்டல்' என்று ஒரு வரி. ஒரே வரிதான், அதில் ரெண்டு தப்பு.

சிமரான் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருப்பது ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியில். கான்சாஸ், கொலராடோ, நியூ மெக்ஸிகோ, டெக்சாஸ் என்று வேறு நாலு மாநிலங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும் கவுண்டி அமெரிக்காவிலேயே அது ஒன்றுதான். உங்களுக்குத் தெரியாததா? பொட்டல் என்கிறீர்களே, ஓக்லஹோமாவின் உயரமான இடமான பிளாக் மேசா, 4,973 அடி, அங்கேதான் இருக்கிறது.

என் மகள் அங்கே பாய்ஸி சிட்டியில் டாக்டராக இருந்தபோது ஆறு மாதம் கூட இருந்தவன் நான். அவ்வளவு வடக்கே அடிமை முறை கூடாது என்று சட்டம் இருந்ததால், அதைக் கைவிட மனசில்லாத டெக்சாஸ் 1850இல் கைகழுவிய துண்டு நிலம் அது. கான்சாஸும் சேர்த்துக்கொள்ளாததால் 1890 வரை 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்றே பேர். 1943இல் அமெரிக்க விமானமே இருட்டில் வழி தவறி, கோர்ட்டைச் சுற்றி எரிந்த விளக்குகளை இலக்கு என்று நினைத்து ஊர் நடுவில் பயிற்சிக் குண்டு போட்டது. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

அந்த ஊர் பிறந்த கதை உங்களுக்குப் பிடிக்கும். 1908இல் மரம் நிழல் தரும் தெரு, அழகான வீடு என்று நோட்டீஸ் அடித்து மனை விற்றார்கள். வந்து பார்த்தால் வெறும் புல்வெளி. உங்கள் கடைசிப் பக்க விளம்பரத்தை நம்பி நான் வாங்கிய மனையிலும் இன்றுவரை கருவேலம்தான் நிற்கிறது. என்ன, அங்கே விற்றவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள்.

அப்புறம் அந்தப் புல்லையும் உழுது கோதுமை போட்டு, மழை பொய்த்ததும் மேல்மண்ணே காற்றில் போய், 1935 ஏப்ரல் 14 அன்று பகலே இருட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி, தன் அம்மா ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி திணித்ததைச் சொன்னபோது எங்கள் கரிசல் காட்டுக் கோடைதான் எனக்கு ஞாபகம் வந்தது. நாலு வருஷம் முன்னால் எங்கள் பக்கத்தையும் நீங்கள் 'ஒன்றுமில்லாத வறண்ட பூமி' என்றுதான் எழுதினீர்கள். அப்போது நான் போட்ட மூன்று கடிதமும் எந்தக் காற்றில் போயிற்றோ.

சரி, விடுங்கள். அடுத்த இதழில் கான்சாஸ் என்பதை ஓக்லஹோமா என்று ஒரு வரி திருத்திப் போட்டால் போதும். பொட்டலை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
22 வருஷச் சந்தாதாரர்,
விளாத்திகுளம்