கிள்ளாதே, ஓடவிடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. தாமதத்துக்குச் சாக்கு ஒன்றுமில்லை. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், புதுசைப் போட்டுக்கொண்டு சட்டியில் நீ குட்டையாக வளர்க்கிற ஜப்பானிய மேப்பிள் போன்சாய் மரத்தின் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். அடிமரம் அருமை, வேர் மண்ணைப் பிடித்திருக்கும் விதம் அதைவிட அருமை. ஆனால் கீழ்க்கிளை இரண்டும் ஈர்க்குச்சி மாதிரி இருக்கின்றன, நீயே கேட்டதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஒவ்வொரு வசந்தத்திலும் தளிர் விரியும்போதே நடுநுனியைக் கிள்ளிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் கோளாறு. நானும் ஆறு வருஷம் அதையே செய்தேன். இலை சின்னதாக, கணு நெருக்கமாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, கிளை மட்டும் நூலளவுகூடப் பருக்கவில்லை. இலை சேரச் சேரத்தானே கிளை பருக்கும்! கிள்ளுவதெல்லாம் பருமன் வந்துவிட்ட மரத்துக்குச் செய்கிற கடைசி வேலை, அதை நாம் முதல் வேலையாகச் செய்துகொண்டிருந்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கீழ்க்கிளையைத் தொடவே கூடாது என்று விட்டுவிட்டேன். முழ நீளம் தாண்டி, சட்டியைவிட்டு வெளியே ஓடியது, பார்க்கச் சகிக்கவில்லை. பருமன் வந்ததும் முதல் கணுவரை வெட்டினேன். மேப்பிளில் மொட்டு எதிரெதிரே ஜோடியாகத்தான் இருக்கும், அதனால் அங்கிருந்து அழகாக இரண்டாகக் கவைத்தது. கணுவை ஒட்டி மட்டும் வெட்டிவிடாதே, கொஞ்சம் குச்சி விட்டு வெட்டு. வெட்டுவாயிலிருந்து உள்ளே காய்ந்துகொண்டே வரும், ஒட்ட வெட்டினால் மொட்டும் சேர்ந்து போய்விடும். குச்சி காய்ந்த பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம்.

கிளையை ஓடவிட்டாலும் முதல் கணு எங்கே விழுகிறது என்று பார். கணுவுக்குக் கணு இடைவெளி ஒருதரம் நீண்டால் நீண்டதுதான், பிறகு பருக்குமே தவிர குறுகாது. வசந்தத்தில் இலை முற்றுவதற்கு முன்பே உரம் போட்டு நான் கெடுத்துக்கொண்டது அப்படித்தான். அப்புறம், ஒரே இடத்தில் மூன்று கிளை வந்தால் ஒன்றை உடனே எடுத்துவிடு. என் மரத்தின் உச்சியில் சோம்பலால் விட்டுவைத்தது இப்போது வீங்கிய விரல் மூட்டு மாதிரி நிற்கிறது, இலை உதிர்ந்தால் கண் நேரே அங்கேதான் போகிறது.

வெட்டுகிற நேரமும் முக்கியம். ஒரு வருஷம் பனிக்காலக் கடைசியில், மொட்டு வீங்கத் தொடங்கிய சமயத்தில் வெட்டினேன், இரண்டு நாள் வெட்டுவாயிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாறு வடிந்து மண் நனைந்துகொண்டே இருந்தது. மரம் சாகவில்லை, எனக்குத்தான் தூக்கம் போனது. இப்போதெல்லாம் கோடைத் தொடக்கத்தில் இலை முற்றிய பிறகோ, இலையுதிர் காலத்தில் இலை விழுந்த கையோடோ வெட்டி, காயத்துக்குப் பசை பூசிவிடுகிறேன்.

உச்சி முந்திக்கொண்டு வளர்ந்து கீழ்க்கிளையை நிழலில் தள்ளுகிறதா? மரம் திடமாக இருந்தால் மட்டும், மேலே ஒவ்வொரு ஜோடியிலும் ஓர் இலையைக் காம்பை விட்டுக் கத்தரி. காம்பு தானாக உதிர்ந்துவிடும், உள்ளே வெளிச்சம் போகும்.

கிளையை வளைத்து நிறுத்த நீ கம்பி சுற்றியிருப்பதும் படத்தில் தெரிகிறது. இதன் பட்டை மெல்லிசு, ஓடவிட்ட கிளையில் சில வாரத்திலேயே கம்பி பதிந்துவிடும், தினமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இலை உதிர்ந்ததும் மொட்டை மரமாக ஒரு படம் எடுத்து அனுப்பு, கத்தரியை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்