மரபணுவை மட்டும் அல்ல, விதையையும் பாருங்கள்: மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பெரம்பலூர் பக்கம் கரிசலில் மானாவாரிப் பருத்தி போடுகிறவன் எழுதுகிறேன். களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்திக்கு அனுமதி கேட்ட விண்ணப்பம் 2016இல் திரும்பப் பெறப்பட்டு, பிறகு மறுபடியும் உங்களிடம் வந்திருக்கிறது. கொடுக்கலாம் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் மரபணுவைப் பற்றியே பேசுகின்றன. நான் பேச வந்தது விதையைப் பற்றி. அந்த மரபணு, வருடா வருடம் கடையில் வாங்க வேண்டிய வீரிய ஒட்டு விதையில் மட்டும்தான் வரும் என்றால் அனுமதி கொடுக்காதீர்கள். எடுத்து வைத்து மறு வருடம் விதைக்கக்கூடிய ரகத்தில் வருகிறதா, அப்போது உட்கார்ந்து பேசுவோம்.

பிடி பருத்தியை, அதாவது புழுவைக் கொல்லும் நச்சுக்கான பாக்டீரியா மரபணுவை ஏற்றிய பருத்தியை, திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தொண்ணூறுகளில் பருத்தி போட்ட யாரும் அதை முழுசாகத் திட்ட மாட்டார்கள். பச்சைக் காய்ப்புழு, நாங்கள் அமெரிக்கன் புழு என்போம், தலையைக் காய்க்குள் விட்டு உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும். ஒரு காயை முடிக்காது. பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். எண்டோசல்பான், மோனோகுரோட்டோபாஸ், குயினால்பாஸ், சைபர்மெத்ரின் என்று மருந்துக் கடையில் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து அடித்த காலம் அது. புழு சாகவில்லை, கடன்தான் ஏறியது. 1997-98 பருவத்தில் வாரங்கல் பக்கம் பருத்தி விவசாயிகள் வரிசையாகத் தற்கொலை செய்துகொண்டதும் புழுவாலும் கடனாலும்தான்.

2002 மார்ச்சில் நீங்கள் பிடி பருத்திக்கு முதல் அனுமதி கொடுத்தீர்கள். 2006இல் இரண்டு மரபணு உள்ளது வந்தது. அமெரிக்கன் புழு அடங்கியது உண்மை. நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 300 கிலோ பஞ்சை ஒட்டி இருந்தது, 2007-08இல் 550ஐத் தொட்டது. அதில் குஜராத்தின் பாசனத்துக்கும் கூடுதல் உரத்துக்கும் புது மருந்துகளுக்கும் பங்கு உண்டு, எல்லாப் புகழும் பிடிக்கே என்று சொல்ல முடியாது. சரி, பாதிப் புகழ் என்றே வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நாட்டில் பருத்திக் காடு பத்தில் ஒன்பதுக்கு மேல் பிடிதான். விளைச்சலோ 450 கிலோவை ஒட்டி இறங்கி நிற்கிறது. காரணங்களில் முக்கியமானது இன்னொரு புழு.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு வேறு ஜாதி. முட்டையை விட்டு வந்த குட்டிப்புழு பூவிலோ பிஞ்சிலோ நுழைந்ததும் ஓட்டை மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் காய் பழுதில்லாமல் இருக்கும். பூ விரியாமல் இதழ்கள் பின்னிக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம், அதையும் குனிந்து பார்க்கிறவன்தான் கண்டுபிடிப்பான். காயைப் பிளந்தால் புழு விதை விதையாகத் துளைத்துத் தின்றுகொண்டிருக்கும், பஞ்சு பழுப்பேறிச் சுளையோடு ஒட்டிக் கிடக்கும். பருவம் முடியும்போது இரண்டு விதையைச் சேர்த்துப் பிணைத்து நடுவில் படுத்துத் தூங்கி, அடுத்த வெள்ளாமைக்குக் காத்திருக்கும். மேலே எந்த மருந்தை அடித்தாலும் அதன் மேல் படாது. அதற்கு எதிராக உள்ளிருந்து வேலை செய்யும் பிடி நச்சுதான் சரியான ஆயுதமாக இருந்திருக்க வேண்டும். முதல் மரபணுவை அது தாண்டிவிட்டதை மான்சாண்டோ நிறுவனமே 2010இல் குஜராத்தின் நான்கு மாவட்டங்களை வைத்து ஒப்புக்கொண்டது. 2014, 2015 வாக்கில் இரண்டாவதையும் தாண்டிவிட்டது.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன்.

பிடி பருத்தி போடும் பெரிய நாடுகளில் அதை ரகமாகப் போடுகிறார்கள். ரகம் என்றால் செடியின் எல்லா விதையிலும் மரபணு இருக்கும். நம் நாட்டில்தான் ஏறக்குறைய முழுவதும் வீரிய ஒட்டாக வந்தது. ஒட்டுச் செடிக்கு நச்சு மரபணு தாய், தகப்பன் என்ற இரண்டில் ஒரு பக்கத்திலிருந்துதான் வழக்கமாக வருகிறது. செடியின் இலையிலும் காய்த் தோலிலும் நச்சு இருக்கும். ஆனால் அந்தச் செடி காய்க்கும் விதையில் மரபணு பிரிந்துவிடும். இரண்டு மரபணு உள்ள ஒட்டில், கணக்குப்படி 16 விதைக்கு 9இல்தான் இரண்டு நச்சும் இருக்கும், 6இல் ஏதாவது ஒன்று, ஒன்றில் எதுவுமே இல்லை. ஒரு காய்க்குள் 25, 30 விதை. புழுவோ விதையைத் தின்கிற புழு. நச்சு இல்லாத விதையில் வளர்ந்து, அரை நச்சு விதைக்குத் தாவி, முழு நச்சு விதைக்கு வரும்போது தாங்கும் உடம்போடு வருகிறது. அரைகுறை நச்சைத் தாங்கிய புழுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும்படி, ஒரே காய்க்குள் அவற்றைப் பொறுக்கி வளர்த்தோம். இது டீக்கடையில் கிடைத்த தத்துவம் இல்லை. நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கே. ஆர். கிராந்தி பல வருடமாக எழுதி வருவது.

ஒட்டு விதையால் வந்த வினை இதோடு முடியவில்லை. விதை விலை அதிகம், அதனால் இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். மற்ற நாடுகளில் ஹெக்டேருக்கு ஒரு லட்சம் செடிக்கு மேல் நிற்கும், இங்கே 20,000கூடத் தேறாது. செடி குறைவு என்றால் ஒரே செடியில் நிறையக் காய் எடுக்க வேண்டும். அதற்கு ஆள் உயரப் புதராக வளர்த்து, ஐந்து மாதம் ஆறு மாதம் என்று காட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இளஞ்சிவப்புப் புழு பெருகுவது அந்தக் கடைசி மாதங்களில். பருத்தி நான்கு மாதத்தில் முடிந்திருந்தால் அதற்குச் சாப்பாடே கிடைத்திருக்காது. அப்புறம், ஆள் உயரச் செடிக்குள் நுழைந்து மருந்து அடிக்கிறவனுக்கு என்ன ஆகும்? 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் மருந்து அடித்த 20 பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருடம் எங்கள் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் செத்தார்கள்.

நச்சைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தி புழுவுக்கு வராமல் தடுக்க வழி சொன்னோமே என்பீர்கள். 20 சதவீதம் இடத்தில், இல்லையென்றால் ஓரத்தில் ஐந்து வரிசை, சாதாரணப் பருத்தி போட வேண்டும், அதில் வளரும் எதிர்ப்பில்லாத புழுக்கள் மற்றதோடு இணைந்தால் எதிர்ப்பு பரவாது என்றீர்கள். 450 கிராம் பிடி விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் ஒன்று வந்தது. எங்கள் ஊரில் அதை ஊன்றியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. "இது சும்மா, தூக்கிப் போட்டுடுங்க" என்று சொல்லித்தான் கடையில் கொடுப்பார்கள். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவனிடம், ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு, நட்டம் உன்னுடையது என்றால் எவன் கேட்பான்? பின்னால் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கலந்து விற்க வைத்தீர்கள். அதற்குள் புழு ஜெயித்துவிட்டது.

அமெரிக்காவில் இதே புழுவை ஒழித்தே விட்டார்கள். அரிசோனா போன்ற மாநிலங்களில் பிடி பருத்தியோடு, மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து விட்டு, இனக்கவர்ச்சிப் பொருள் வைத்து, பருவம் முடிந்ததும் செடியை அழித்து, 2018இல் நாட்டில் இந்தப் புழு இல்லை என்று அறிவித்தார்கள். அவர்களிடம் பணம் உண்டு, பண்ணைகளும் பெரியவை, ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் மரபணு இங்கே இருந்த அதே மரபணு. அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு வேறு.

ரகத்திலும் பிடி கொடுத்துப் பார்த்தோம் என்று உங்களில் யாராவது சொல்லலாம். கொடுத்தீர்கள். பொதுத்துறை தயாரித்த பிக்கானேரி நர்மா 2009இல் வெளிவந்தது. அதில் மான்சாண்டோவின் மரபணு கலந்திருக்கிறது என்று தெரிந்து, விற்பனை நின்றது, பின்னால் விசாரணைக் குழு அமைத்ததோடு சரி. 2017 வாக்கில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் பிஏயூ பிடி 1 போன்றவை வந்தன. ஆனால் அவற்றில் இருப்பது புழு ஏற்கெனவே தாண்டிவிட்ட ஒற்றை மரபணு. எங்கள் பக்கக் கடைகளில் அந்த மாதிரி விதையைக் கண்ணால்கூடக் காணோம். இரண்டு மரபணுப் பருத்தியின் காப்புரிமை 2019இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அதை ரகங்களில் ஏற்றி ஊர் ஊராகக் கொடுக்க என்ன தடை? கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திடம் கோ 17 இருக்கிறது: கச்சிதமான செடி, நெருக்கி விதைக்கலாம், நான்கு மாதம் சொச்சத்தில் முடிந்துவிடும். எல்.ஆர்.ஏ. 5166உம் எஸ்.வி.பி.ஆர். 2உம் போட்ட காலத்தில் கொட்டையை எடுத்து வைத்து அடுத்த ஆவணிக்கு விதைத்த ஊர்கள் இவை. 2025இல் ஒரு பொட்டலம் ஒட்டு விதையின் உச்ச விலை 901 ரூபாய். வருடா வருடம் அதை வாங்கியே ஆக வேண்டும் என்பதுதான் ஒட்டின் மேல் கம்பெனிகளுக்கு இவ்வளவு பாசம் வரக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது களைக்கு வருகிறேன். களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை என்பது பொய்யில்லை. ஐப்பசி மழையில் ஒரு வாரம் காட்டுக்குள் கால் வைக்க முடியாமல் போனால் கோரையும் சாரணையும் பருத்தியை மூடிவிடும். மறு வாரம் ஊரே ஒரே நாளில் ஆள் தேடும். அதனால்தான் சட்டத்துக்குப் புறம்பாக விற்கும் களைக்கொல்லிப் பருத்தியை விவசாயி வாங்குகிறான். 2019 ஜூனில் அகோலா மாவட்டத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டி வெளிப்படையாகவே விதைத்தார்கள். இதில் உங்களுக்கு ஆச்சரியம் இருக்க முடியாது. முதல் பிடி பருத்தியும் உங்கள் அனுமதிக்கு முந்தியே, 2001இல் குஜராத் காடுகளில் நின்றுகொண்டிருந்தது. அந்தத் திருட்டுப் பொட்டலத்துக்கு ரசீது கிடையாது, லேபிளில் உண்மை கிடையாது, முளைக்காவிட்டால் கேட்க நாதி கிடையாது. இதை முறைப்படுத்த வேண்டும் என்கிறவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது.

ஆனால் எங்கள் காட்டைப் பாருங்கள். பருத்திக்கு ஊடே உளுந்து, தட்டைப்பயறு, சிலர் சின்ன வெங்காயம்கூடப் போடுவார்கள். ஓரத்தில் ஆமணக்கு. களை எடுக்கும் பெண்கள் பண்ணைக்கீரையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போவார்கள், மிச்சம் ஆட்டுக்குப் போகும். அந்தப் பருத்திக்கு அடிக்கும் களைக்கொல்லியான கிளைபோசேட்டை அடித்தால் பருத்தியைத் தவிர எல்லாம் கருகும். அதுவும் எத்தனை வருடத்துக்கு? அமெரிக்காவில் நம் தண்டுக்கீரையின் இனத்தைச் சேர்ந்த பால்மர் அமராந்த் என்ற களை அந்த மருந்துக்குச் சாகாமல் போய், ஜார்ஜியா மாநிலத்துப் பருத்திக் காடுகளில் மறுபடி ஆள் வைத்துக் கையால் பிடுங்க வேண்டியதாயிற்று. பிடியில் புழு கற்றுக்கொண்டதைக் களையும் கற்றுக்கொள்ளும். அன்றைக்கு எங்களிடம் களையும் இருக்கும், ஒட்டு விதையின் விலையும் இருக்கும், ஊடுபயிர் மட்டும் இருக்காது.

இன்னொரு வேடிக்கை. கிளைபோசேட்டுக்கு இந்தியாவில் அனுமதி தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான். அதையும் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே அடிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் வேளாண் அமைச்சகம் உத்தரவு போட்டது. ஒரு அமைச்சகம் மருந்தைக் கட்டிப்போடப் பார்த்தது, இன்னொன்றின் மேசையில் அந்த மருந்துக்காகவே உண்டாக்கிய செடி. முதலில் நீங்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இனி எந்தப் பருத்தி மரபணுவுக்கு அனுமதி கொடுத்தாலும், அது குறுகிய காலத்து ரகமாகவும் கிடைக்க வேண்டும், அதன் விதையை விவசாயி எடுத்து வைக்கலாம் என்பதை நிபந்தனையாக எழுதுங்கள். விதை வணிகம் எங்கள் வேலை இல்லை என்று ஒதுங்காதீர்கள். ஒட்டின் காய்க்குள் மரபணு பிரிவது உயிரியல், அது உங்கள் வேலைதான். புழுவின் எதிர்ப்புச் சக்தி எந்த மாவட்டத்தில், எவ்வளவு என்று ஒவ்வொரு பருவமும் அளந்து, விதை வாங்கும் மாதத்துக்கு முன்னால் தமிழிலும் வெளியிடச் செய்யுங்கள்.

மரபணு மாற்றிய கடுகு பற்றிய வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மரபணு மாற்றுப் பயிருக்குத் தேசியக் கொள்கை வேண்டும், அதை விவசாயிகளையும் கேட்டு உருவாக்க வேண்டும் என்றது. 2010இல் பிடி கத்தரிக்காகப் பொதுமக்களைக் கேட்டபோது ஏழு நகரங்களில் கூட்டம் நடந்தது. மரபணுவை ஏற்றிய கத்தரிகளில் கோ 2, எம்.டி.யு. 1, பாலூர் 1 எல்லாம் எங்கள் ரகங்கள். ஆனால் அந்த ஏழில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. இந்த முறை பெரம்பலூருக்கோ விருதுநகருக்கோ வாருங்கள். கோடையில் வேண்டாம், அப்போது காட்டில் பருத்திமார்தான் கிடக்கும். தை மாதம் வந்தால் நீங்களே காயைப் பறித்துப் பிளந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
பெரம்பலூர் மாவட்டப் பருத்தி விவசாயி ஒருவன்